தலைமுறை தலைமுறையாக ஒரே தொழில் செய்த குடும்பங்களில் உங்களுக்குப் பிடித்த கதை எது?

இங்கிலாந்தில் சர்ச்சுகளுக்கு ஆர்கன் (துருத்திக் காற்றைக் குழாய்களில் செலுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம்) செய்த டாலம் குடும்பத்தின் கதை. பழைய ஹார்மோனியம் கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன். அந்தப் பைத்தியம்தான் என்னை இவர்களிடம் கொண்டு வந்து சேர்த்தது.

முதல் ஆள் தாமஸ் டாலம். லங்காஷையர்காரர், லண்டன் கொல்லர் சங்கத்தில் உறுப்பினர். கொல்லருக்கும் ஆர்கனுக்கும் என்ன சம்பந்தமோ, இரண்டுக்கும் துருத்தி வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். 1599-இல் எலிசபெத் ராணியின் பரிசாக, ஆள் இல்லாமல் தானாகவே இசைக்கும் ஒரு ஆர்கனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு துருக்கி சுல்தான் மூன்றாம் மெஹ்மத்திடம் போனார். செலவு, வியாபாரச் சலுகை வேண்டி நின்ற வணிகர்களுடையது. ஆர்கனின் உச்சியில் ஒரு புதர், அதில் பறவைகள். பாட்டு முடிந்ததும் அவை கூவிச் சிறகடிக்கும். ஆறு மாதப் பயணத்தில், கப்பலின் அடித்தட்டு வெக்கையில் பசையெல்லாம் விட்டுப்போயிற்று, குழாய்களும் நசுங்கின. தாமஸ் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தார்.

அப்புறம் நடந்ததை அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பறவைகள் கூவி ஓய்ந்ததும், கையால் வாசிக்க ஆள் உண்டா என்று சுல்தான் கேட்டாராம். தாமஸ் வாசிக்க உட்கார்ந்தால் சுல்தானுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அது அங்கே பெருங்குற்றம். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்த சுல்தான், விரல்கள் போகும் வித்தையைப் பார்க்க எழுந்தபோது இவரை இடித்துவிட்டார். வாளை உருவுகிறார், தலை போயிற்று என்றே நினைத்தாராம் மனிதர். கிடைத்தது 45 பொற்காசு! இங்கேயே இருந்துவிடு, பெண் தருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று பொய் சொல்லித் தப்பித்தார். ஊர் திரும்பி அந்தப் பொய்யை மெய்யாக்கினார். 1602-இல் மகன் ராபர்ட் பிறந்தான்.

ராபர்ட்டும் அப்பாவின் தொழிலுக்கே வந்தார். யார்க் பேராலயத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மக்டலன் கல்லூரிக்கும் ஆர்கன் செய்தார். நாடு புராட்டஸ்டன்ட், குடும்பமோ கத்தோலிக்கக் குடும்பம். 1642-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. 1644-இல் சர்ச் ஆர்கன்களை அகற்றச் சொல்லி நாடாளுமன்றமே ஆணை போட்டது. சோற்றுக்கு வழி? ராபர்ட் அந்த ஆணைக்குக் காத்திராமல், போர் மூண்டபோதே பெண்டு பிள்ளைகளோடு பிரான்சின் பிரிட்டனிப் பகுதிக்குப் போய், கெம்பேர் பேராலயத்தில் வேலையைத் தொடங்கினார். இதில் வேடிக்கை, அவருடைய மக்டலன் ஆர்கனை, போரில் ஜெயித்த நாடாளுமன்றத் தரப்பின் தலைவர் கிராம்வெல் தன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். சர்ச்சில்தான் ஆகாது போலிருக்கிறது.

1660-இல் மன்னராட்சி திரும்பியதும் ராபர்ட்டும் திரும்பினார். பதினைந்து வருஷமாக ஆர்கன் இல்லாமல் கிடந்த சர்ச்சுகள், வேலை குவிந்தது. 1665-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். மகன் ஒருவர் பிரிட்டனியிலேயே தங்கிவிட்டார்.

என்னைப் பொறுத்தவரை, கதையின் திருப்பமே மகள் கேத்தரின்தான். அவர் கணவர் தாமஸ் ஹாரிஸும் ஆர்கன் செய்பவர். இவர்களுக்கு பிரிட்டனியில் பிறந்த மகன் ரெனாட்டஸ் ஹாரிஸ். ஆக, தொழிலைப் பெரிதாக எடுத்து நடத்தியது மகள் வயிற்றுப் பேரன். குடும்ப மரம் வரைகிறவர்கள் அப்பன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இவரை எளிதாகத் தவறவிட்டுவிடுவார்கள்.

1680-களில் லண்டன் டெம்பிள் சர்ச்சில் ரெனாட்டஸுக்கும் பெர்னார்ட் ஸ்மித் என்ற இன்னொரு ஆர்கன் செய்பவருக்கும் போட்டி. ஒரே சர்ச்சுக்குள் ஆளுக்கொரு ஆர்கனை நிறுத்தினார்கள். ஸ்மித் பக்கம் வாசித்தவர்கள் அந்தக் காலத்துப் பெரிய இசைக்கலைஞர்களான பர்செல்லும் ப்ளோவும். வாசிப்புக்கு முந்தைய இரவு ஸ்மித்தின் துருத்தியை யாரோ கிழித்துவிட்டதாகக்கூட ஒரு கதை உண்டு. 1688-இல் தீர்ப்பு ஸ்மித்துக்கு.

ஆனால் ஜெயித்த அந்த ஆர்கன் 1941 குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. தோற்றவர் ஆல்ட்கேட் செயின்ட் பொட்டால்ஃப் சர்ச்சுக்குச் செய்தது லண்டனில் இன்றும் ஒலிக்கிறது. பிழைப்புத் தேடிப் போன இடத்தில் தாத்தா ராபர்ட் 1653-இல் செய்தது, பிரிட்டனியின் லான்வெலெக் என்ற சின்ன ஊர் சர்ச்சில் இருக்கிறது. அதையும் இன்னும் வாசிக்கிறார்கள்.