மெயிலில் லோகோ, நீல டிக்: வாசகர் கேள்விகள்

திருபுவனத்தில் சின்னதாகப் பட்டுக்கடை. நாங்கள் அனுப்பும் மெயிலில் பெயருக்குப் பக்கத்தில் கடை லோகோவும் நீல டிக்கும் ஒரே வாரத்தில் வரும் என்று ஒருவர் 45,000 ரூபாய் வாங்கினார். நாலு மாதமாக ஒன்றும் வரவில்லை. டிரேட்மார்க்குக்கு விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கிறோம்.

உங்கள் மேல் தப்பே இல்லை. ஜிமெயிலில் நீல டிக் வர விஎம்சி என்ற லோகோச் சான்றிதழ் வேண்டும், அதற்கு லோகோ பதிவான டிரேட்மார்க்காக இருக்க வேண்டும், விண்ணப்ப எண் செல்லாது. 2024 முதல் சிஎம்சி என்ற இன்னொரு சான்றிதழையும் ஜிமெயில் ஏற்கிறது. ஓராண்டாவது பொதுவில் பயன்படுத்திய லோகோ என்றால் டிரேட்மார்க் இல்லாமலே கிடைக்கும், ஆனால் டிக் வராது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவர் அவர். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லையா, நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியது நுகர்வோர் வழக்காகாது என்பார்கள். பிழைப்புக்காக நீங்களே நடத்தும் கடை என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு, அதை மனுவிலேயே எழுதுங்கள்.

கடைப் பெயரில் ஜிமெயில் ஐடி இருக்கிறது. அதற்கு லோகோச் சான்றிதழ் வாங்க எவ்வளவு ஆகும்? (மன்னார்குடி)

வாங்க முடியாது. முதலில் சொந்த டொமைன், அதாவது மெயில் ஐடியில் @-க்குப் பின்னால் வரும் உங்கள் சொந்த இணையப் பெயர் வேண்டும்.

கும்பகோணத்தில் பாத்திரக்கடை. டொமைன் வெப்சைட் போட்டவர் பெயரில் இருக்கிறது. லோகோவுக்கான ரெக்கார்டு சேர்க்கச் சொன்னால் போனையே எடுப்பதில்லை.

வயிறு எரிகிறது. டெல்டா முழுக்க இதே கதைதான், கடை நம்முடையது, சாவி அடுத்தவர் கையில். உங்கள் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை 'குவாரன்டைன்' (ஒதுக்கி வை) அல்லது 'ரிஜெக்ட்' (ஏற்காதே) நிலைக்குக் கொண்டுவருவது, லோகோ ரெக்கார்டு சேர்ப்பது எல்லாமே டிஎன்எஸ் என்ற டொமைன் பதிவேட்டில்தான், அது கையில் இல்லாமல் எவ்வளவு செலவழித்தாலும் வீண். பணம் கட்டிய ரசீதைக் காட்டி, டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். லோகோ ஃபைலையும் பாருங்கள். எனக்கு வரைந்து கொடுத்தவர் ஜேபிஜி படத்தை எஸ்விஜி என்ற கோட்டுப்பட ஃபைலுக்குள் ஒட்டித் தந்துவிட்டார், 3,000 ரூபாய் போனது. கோடுகளாக வரைந்த 'எஸ்விஜி டைனி பிஎஸ்' ஃபைல்தான் செல்லும்.

மெயிலில் லோகோ இருந்ததால் நம்பி, 20 நாச்சியார்கோவில் விளக்குக்கு முழுப் பணமும் போன வாரம் அனுப்பினேன். பில் வாங்கவில்லை. இப்போது பதிலே இல்லை. (திருவாரூர்)

மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது, லோகோ அவர்களுடையது, அவ்வளவுதான் அது சொல்லும். சரக்கு வரும் என்று சொல்லாது. பில்லே இல்லாமல் முழுப் பணத்தையும் எப்படி அனுப்பினீர்கள்? ஒரு வாரம் ஏன் சும்மா இருந்தீர்கள்? இன்றே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேசுங்கள், பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.