கோலாலம்பூர் சுமத்ராவுக்குப் போன கதை: ராஸ்டர் வரைபடங்களை மொத்தமாக மாற்றுவது பற்றிக் கேள்வி பதில்

ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருபது வருடமாக வரைபட வேலை பார்க்கிறேன். ராஸ்டர் கோப்புகளை மொத்தமாக ஒரு புரொஜெக்‌ஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். (ராஸ்டர் என்றால் பிக்சல் கட்டங்களால் ஆன படம். புரொஜெக்‌ஷன் என்றால் உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் கணக்கு.) வந்த கேள்விகளில் முக்கால்வாசி "ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது, ஆனால்..." என்றுதான் ஆரம்பிக்கின்றன. அந்த "ஆனால்" பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். கமாண்டை எழுத்துக்கு எழுத்து தராமல் பேச்சாகவே சொல்கிறேன். ஜிடால் (GDAL) என்ற மென்பொருளில் புரொஜெக்‌ஷனை மாற்றும் கட்டளையான ஜிடால்வார்ப்பின் (gdalwarp) உதவிப் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ், மாணவி): அக்கா, ஆய்வுக்காக 312 ஜியோடிஃப் கோப்புகள் (இடத் தகவலோடு சேர்ந்த டிஃப் படங்கள்) கொடுத்திருக்கிறார்கள். பாதி யூடிஎம் 47 (உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரிக்கும் முறையில் 47-ஆவது மண்டலம்), மீதி ஆர்எஸ்ஓ (தீபகற்ப மலேசியாவுக்கென்று அமைத்த புரொஜெக்‌ஷன்). எல்லாவற்றையும் ஒரே புரொஜெக்‌ஷனுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றாகக் கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில் திறந்து மாற்றினால் தீபாவளியே வந்துவிடும். ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

பதில்: ஸ்கிரிப்ட் நாலு வரிதான்மா. ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு டிஃப் கோப்பையும் எடு, ஜிடால்வார்ப்பிடம் கொடு, இலக்கு ஈபிஎஸ்ஜி 3375 (ஈபிஎஸ்ஜி என்பது புரொஜெக்‌ஷன்களுக்கான பொதுக் குறியீட்டு எண்) என்று சொல், அதே பெயரில் வேறு ஃபோல்டரில் எழுது. அவ்வளவுதான். 3375 என்பது ஜிடிஎம்2000 டேட்டத்தில் (டேட்டம் என்பது ஆள்கூறுகளை எங்கிருந்து, பூமியின் எந்த வடிவத்தின் மேல் அளப்பது என்ற அடிப்படை) தீபகற்ப மலேசியா முழுவதற்குமான ஆர்எஸ்ஓ. கோப்புக்குள்ளேயே மூலப் புரொஜெக்‌ஷன் எழுதியிருந்தால் ஜிடால்வார்ப் அதைத் தானாகப் படித்துக்கொள்ளும், நீ சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு லூப் ஓட்டு. எல்லாக் கோப்புகள் மீதும் ஜிடால்இன்ஃபோ (கோப்பின் விவரங்களைக் காட்டும் கட்டளை) ஓட்டி, பெயர், புரொஜெக்‌ஷன், மூலை ஆள்கூறுகள், பிக்சல் அளவு, நோடேட்டா மதிப்பு (தரவு இல்லாத இடத்தைக் குறிக்கும் எண்) ஆகியவற்றை ஒரு அட்டவணையில் கொட்டு. எக்செலில் திறந்து வரிசைப்படுத்திப் பார். இத்தனை கோப்பில் சிலவற்றிலாவது புரொஜெக்‌ஷன் இடம் காலியாக இருக்கும். அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிடு, கடைசியில் பார்க்கலாம்.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நானூறு சொச்சம் கோப்புகளை ஒரே மூச்சில் மாற்றினேன். புரொஜெக்‌ஷன் காலியாக இருந்தவைக்கும் சேர்த்து, மூலம் யூடிஎம் என்று நானே ஸ்கிரிப்டில் எழுதிவிட்டேன். 23 கோப்புகள் பழைய கெர்தாவ் டேட்டத்தில் இருந்தவை. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. மூன்று வாரம் கழித்து, கால்வாய்க் கோடு கடைவரிசையின் நடுவில் ஓடுகிறதே என்று வாடிக்கையாளர் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

இன்னும் இரண்டு விஷயம். வெளியீட்டு ஃபோல்டரில் அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால், ஜிடால்வார்ப் அதை அழித்துப் புதிதாக எழுதாது, பழைய படத்தின் மேலேயே புதியதை அப்பிவிடும். ஓவர்ரைட் என்ற சொல்லைச் சேர்த்தால்தான் புதிதாக எழுதும். அப்புறம் "சுங்கை பினாங்கு 3" மாதிரி இடைவெளி உள்ள பெயர்களுக்கு மேற்கோள் குறி போடு. கடைசியில் எண்ணிப் பார்: 312 உள்ளே போனால் 312 வெளியே வர வேண்டும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): ஒரு கோப்பின் புரொஜெக்‌ஷனை ஆர்எஸ்ஓவிலிருந்து யூடிஎம் 47-க்கு மாற்றினேன். படம் சுமத்ராவில் போய் உட்கார்ந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் மாற்றியது லேபிளை மட்டும். ஜாடியில் இருப்பது உப்புதான், மேலே சீனி என்று எழுதி ஒட்டிவிட்டீர்கள். ஜிடால்டிரான்ஸ்லேட்டில் உள்ள "ஏ எஸ்ஆர்எஸ்", கியூஜிஐஎஸ்ஸில் உள்ள "அசைன் புரொஜெக்‌ஷன்" இரண்டுமே லேபிள் ஒட்டுபவை. எண்களைத் தொடாது. எண்களைக் கணக்குப் போட்டு மாற்றி, பிக்சல்களையும் புதிதாக அடுக்குவது ஜிடால்வார்ப் மட்டும்தான். லேபிளே இல்லாத கோப்புக்கு லேபிள் ஒட்டுவது தேவை, லேபிள் இருக்கும் கோப்பை மாற்ற ஜிடால்வார்ப் தேவை.

ஏன் சரியாக சுமத்ரா என்று பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். ஆர்எஸ்ஓவில் கோலாலம்பூரின் கிழக்கு ஆள்கூறு 410,000 மீட்டர் பக்கம். யூடிஎம் 47-இல் அதே இடம் கிட்டத்தட்ட 800,000. வடக்கு ஆள்கூறு இரண்டிலும் 347,000-ஐ ஒட்டியே வரும். அதனால் 410,000-ஐ யூடிஎம் என்று நம்பினால், நகரம் அதே அட்சரேகையில் மேற்கே சுமார் 390 கிலோமீட்டர் வழுக்கி, மலாக்கா நீரிணையைத் தாண்டி, மேடானுக்குத் தென்மேற்கே மலைப்பக்கம் இறங்கிவிடும். எங்கள் பினாங்குக்கும் இதே கதிதான்: ஆர்எஸ்ஓவில் 260,000, யூடிஎம்மில் 650,000 பக்கம். லேபிள் மாறினால் தீவே அச்சே கடற்கரைப் பக்கம் போய்விடும்.

இதையே கண்டுபிடிக்கும் வழியாகவும் வைத்துக்கொள்ளலாம். லேபிள் இல்லாத கோலாலம்பூர் கோப்பு வந்தால் கிழக்கு எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்க்கிறேன். 4 என்றால் ஆர்எஸ்ஓ. 7, 8 என்றால் யூடிஎம். 101 புள்ளி ஏதோ என்றால் பாகையில் இருக்கிறது. வெறும் சின்னச் சின்ன எண்கள், மைனஸ் குறியும் கலந்து வந்தால் மாநிலக் கேசினி கட்டமாக (மாநில அளவில் அமைத்த ஆள்கூறு முறையாக) இருக்கலாம். அதன் ஈபிஎஸ்ஜி எண் சிலாங்கூருக்கு ஜிடிஎம்2000-இல் 3380, பினாங்குக்கு 3382.

கேள்வி (செந்தூல்): அண்ணன் ஒருவர் எல்லாவற்றையும் யூடிஎம்மிலேயே வைத்துக்கொள் என்கிறார். ஆர்எஸ்ஓ எதற்கு?

பதில்: 102 பாகை தீர்க்கரேகையில் யூடிஎம் மண்டலம் மாறுகிறது. சிரம்பான் 47-இல், பக்கத்து மலாக்கா 48-இல். குவாந்தான், ஜொகூர் பாருவும் 48. உங்கள் வேலை கிள்ளான் பள்ளத்தாக்கோடு முடிந்தால் அண்ணன் சொல்வது சரி. தெற்கே இறங்கினால் கோப்புகள் இரண்டாகப் பிரியும். ஆர்எஸ்ஓ தீபகற்பத்தின் சாய்வுக்கு ஏற்பச் சரித்து அமைத்த புரொஜெக்‌ஷன், ஒரே தாளில் பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை அடங்கும்.

கேள்வி (பட்டர்வொர்த்): நிலப் பயன்பாட்டு வரைபடத்தை மாற்றிய பிறகு, ஆற்றோரம் முழுக்கக் குடியிருப்பு என்று வருகிறது. அங்கே ஒரு வீடும் கிடையாது!

பதில்: உங்கள் கோப்பில் காடு 3, குடியிருப்பு 4, நீர் 5 என்று இருக்கிறது, சரிதானே? ரீசாம்ப்ளிங் முறையாக (புதிய பிக்சலுக்கு மதிப்புப் போடும் விதமாக) பைலீனியர் கொடுத்திருப்பீர்கள். அது பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்கும். காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் 3-ஐயும் 5-ஐயும் சேர்த்துச் சராசரி போட்டால் 4. ஆற்றின் இரு கரையிலும் ஒரு பிக்சல் அகலத்துக்கு வீட்டு வரிசை கட்டிக் கொடுத்துவிட்டது.

வகைக் குறியீடு உள்ள கோப்புகளுக்கு "நியர்" (மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுப்பது) மட்டும். பிக்சலைப் பெரிதாக்குகிறீர்கள் என்றால் "மோட்" (அதிகம் வரும் மதிப்பை எடுப்பது). உயர மாதிரி (ஒவ்வொரு பிக்சலிலும் நிலத்தின் உயரம் உள்ள கோப்பு), செயற்கைக்கோள் படம் போன்றவற்றுக்கு பைலீனியரோ கியூபிக்கோ போடலாம். உயர மாதிரிக்கு நியர் போட்டால் நிழல் வரைபடத்தில் கோடுகோடாகத் தழும்பு தெரியும். ஸ்கிரிப்டில் இரண்டு ஃபோல்டர், இரண்டு லூப் என்று பிரித்துவிடுங்கள். ஒரே லூப்பில் எல்லாவற்றையும் அடக்கும் ஆசைதான் பாதிக் கெடுதலுக்குக் காரணம். ஏற்கெனவே மாற்றியதை மறுபடி மாற்றவும் வேண்டாம், மூலக் கோப்பிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கேள்வி (சுங்கை பூலோ): பக்கத்துப் பக்கத்து டைல்களுக்கு (வரைபடத் துண்டுகளுக்கு) நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. ஓரங்களில் கறுப்பு முக்கோணம் வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்தா?

பதில்: இல்லை, இரண்டு வியாதி. வெள்ளைக் கோடு முதலில். பிக்சல் அளவு சொல்லாவிட்டால் ஜிடால்வார்ப் ஒவ்வொரு கோப்புக்கும் தானே கணக்குப் போடும். ஒன்றுக்கு 30.01 மீட்டர், பக்கத்துக்கு 29.98 என்று வரும். கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. "டிஆர்" கொடுத்து 30, 30 என்று அளவைக் கட்டிப்போடுங்கள், கூடவே "டேப்" சேர்த்தால் எல்லா டைலும் ஒரே கட்டத்தில் ஒட்டி நிற்கும். விளிம்புப் பிக்சல்களில்கூட வித்தியாசம் தெரியக் கூடாது என்றால், ஒரே புரொஜெக்‌ஷனில் உள்ள டைல்களை விஆர்டி ஆக்கிச் சேர்த்துவிட்டு அதை ஒரே படமாக மாற்றுங்கள். விஆர்டி வெறும் குறிப்புக் கோப்பு, இடம் அடைக்காது.

முக்கோணம், படம் லேசாகத் திரும்புவதால் மூலையில் வரும் காலி இடம். காலி என்று கணினிக்குச் சொல்லவில்லை என்றால் அங்கே 0 எழுதும். செயற்கைக்கோள் படத்துக்கு ஆல்ஃபா பட்டை (எந்தப் பிக்சல் காலி என்று சொல்லும் கூடுதல் பட்டை) சேர்த்துவிடுங்கள். உயர மாதிரிக்கு நோடேட்டா -9999. 0 என்றே வைக்காதீர்கள்: கிள்ளான் துறைமுகப் பக்கமெல்லாம் 0 மீட்டர் உண்மையான உயரம், நிலத்தையே அழித்துவிடுவீர்கள்.

கேள்வி (கோலாலம்பூர், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி): தங்கச்சி, நான் வேலை செய்த ரப்பர் தோட்டத்தின் பழைய வரைபடம் 11 தாள் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறேன். அளவெல்லாம் சங்கிலிக் கணக்கு. பேரன் ஸ்கிரிப்ட் ஓட்டினான், ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: ஐயா, பேரன் மேல் தப்பில்லை. ஸ்கேன் செய்த தாளுக்குத் தான் பூமியில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. எங்கிருக்கிறது என்று தெரியாததை இடம் மாற்ற முடியாது. முதலில் கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரென்சரில் ஒவ்வொரு தாளிலும் ஆறேழு புள்ளிகளைப் பிடித்து, இன்றைய படத்தில் அதே இடத்தைக் காட்ட வேண்டும். 11 தாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எந்தப் புள்ளி என்பதில்தான் உங்கள் ஞாபகம் வேண்டும். ரயில் பாலம் நல்லது. சாலைச் சந்திப்பு பரவாயில்லை. ஆற்று வளைவு வேண்டாம், ஆறு நகரும். கோயிலை நம்பலாம் என்று தோன்றும், ஆனால் தோட்டம் கைமாறியபோது எத்தனையோ மாரியம்மன் கோயில்கள் இடம் மாறியிருக்கின்றன. அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். தாளின் ஓரத்தில் கட்ட எண்கள் அச்சாகியிருந்தால் இன்னும் சுலபம். ஒரு சங்கிலி 66 அடி, சுமார் 20.117 மீட்டர். சங்கிலியிலேயே அளக்கும் பழைய ஆர்எஸ்ஓவுக்குத் தனிக் குறியீடும் உண்டு, ஈபிஎஸ்ஜி 3167.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பழைய தாள்களை மாற்றினேன். வடிவம் கச்சிதம். ஆனால் சாலை எல்லாம் ஒரே பக்கமாக நூற்றைம்பது மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது.

பதில்: எல்லாம் ஒரே அளவு, ஒரே திசையில் என்றால் டேட்டம்தான். பழைய தாள்கள் பகாங்கில் உள்ள கெர்தாவ் நிலையத்தை மூலப்புள்ளியாகக் கொண்டவை, எவரெஸ்ட் நீள்கோளத்தில் (நீள்கோளம் என்பது பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரி) கணித்தவை. ஜிடிஎம்2000 ஜிஆர்எஸ்80 நீள்கோளத்தில். இரண்டுக்கும் நடுவே பூமியின் மையமே மாறுகிறது. சராசரி நகர்வு -11, 851, 5 மீட்டர் என்று மூன்று அச்சுகளுக்கு மூன்று எண்களாகச் சொல்வார்கள். இதைச் சேர்த்தாலும் பத்துப் பதினைந்து மீட்டர் மிஞ்சலாம். நிலத் தகராறுக்கு இது உதவாது, காடும் தோட்டமும் பார்க்கப் போதும்.

தொல்லை என்னவென்றால், சரியான டேட்டம் மாற்றம் கிடைக்காதபோது மென்பொருள் நிற்காது. தோராயமாக மாற்றிவிட்டு அமைதியாகப் போய்விடும். அதனால் முதல் தாளை மட்டும் மாற்றி, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்து, ஒரு சாலைச் சந்திப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பொருந்தினால் மீதியை ஓடவிடலாம்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், இன்னொருவர்): இணைய வரைபடங்கள் மாதிரி எல்லாவற்றையும் ஈபிஎஸ்ஜி 3857-க்கு (வெப் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷனுக்கு) மாற்றிவிட்டால் என்ன?

பதில்: காட்டுவதற்கு மாற்றுங்கள். அளப்பதற்கு வேண்டாம். லண்டனில் அது நீளத்தை 1.6 மடங்கு ஊதிக் காட்டும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தப்பித்தோம், பினாங்கில் அரை சதவீதம்கூட வராது. அதனாலேயே இங்கே யாரும் கவனிப்பதில்லை. பரப்பளவு கேட்டால் ஆர்எஸ்ஓவில் கணக்குப் போடுங்கள்.

கேள்வி (செந்தூல், மறுபடியும்): மடிக்கணினி பழசு. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாமா?

பதில்: தாராளமாக. "மல்ட்டி" சேர்த்து, எல்லா கோர்களையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். டிஃப்லேட் சுருக்கமும் டைல் அமைப்பும் கேளுங்கள், வட்டில் இடம் மிச்சமாகும். வெளியீடு 4 ஜிபியைத் தாண்டலாம் என்றால் பிக்டிஃப் தேவை. ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் பெயரையும் நேரத்தையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதச் சொல்லிவிடுங்கள், பாதியில் நின்றால் எங்கே நின்றது என்று காலையில் தெரியும். முக்கியமாக, ஸ்லீப் அமைப்பை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப் படுங்கள்.