டாக்ஸோரூபிசின் எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி: அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் திரும்ப வந்திருக்கிறது. டாக்டர் 'பெகிலேட்டட் லைபோசோமல் டாக்ஸோரூபிசின்' எழுதியிருக்கிறார். கடையில் விசாரித்தால் வெறும் டாக்ஸோரூபிசின் ரொம்ப மலிவு. மருந்து ஒன்றுதானே, அதையே வாங்கலாமா?
- பெரம்பூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். மருந்து ஒன்றுதான், ஆனால் அளவு வேறு, உடம்பில் அது நடந்துகொள்கிற விதமும் வேறு. ஒன்றின் கணக்கில் மற்றதை ஏற்றுவது ஆபத்து.

வெறும் டாக்ஸோரூபிசின் நரம்பில் ஏறிய சில நிமிடங்களிலேயே ரத்தத்தைவிட்டுத் திசுக்களுக்குள் போய்விடும், இதயத் தசை உட்பட. அதனால்தான் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலமுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அதை அடைத்தார்கள். இந்தக் குமிழிதான் லைபோசோம். அங்கே இன்னொரு சிக்கல். வெறும் குமிழியின் மேல் ரத்தப் புரதங்கள் வந்து ஒட்டும். ஒட்டியதைக் கல்லீரல், மண்ணீரலில் இருக்கும் விழுங்கணுக்கள் பிடித்துத் தின்றுவிடும். குமிழியைச் சுற்றிப் பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக், என்ற பாலிமர் இழைகளைப் பதித்தால் (இதைத்தான் 'பெகிலேட்டட்' என்கிறார்கள்) அவை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கின்றன. புரதம் நெருங்குவது குறைகிறது. அடியோடு நிற்பதில்லை, தாமதமாகிறது, அவ்வளவுதான். அதற்கே பாதி மருந்து ரத்தத்தைவிட்டுப் போக இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்துதான் நானோ மருந்துகளில் முன்னோடி. நேராகக் கட்டியைத் தேடிப்போய்த் தாக்கும் என்று சிலர் சொல்வது மிகை. கட்டியில் எவ்வளவு சேரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதயத்துக்குப் பாதிப்பு குறைவு என்பதுதான் என் பார்வையில் பெரிய லாபம்.

நாள் கணக்கில் ரத்தத்தில் சுற்றுவதால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியலாம், தோல் உரியலாம். மருந்து ஏற்றிய பிறகு ஒரு வாரமாவது அம்மா வெறுங்காலோடு மொட்டைமாடியில் வடகம் காயப்போட வேண்டாம், வெந்நீரில் பாத்திரம் தேய்க்க வேண்டாம், இறுக்கமான செருப்பும் வேண்டாம். லேசாக எரிந்தாலே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், இல்லை அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவார்.

முதல் தடவை சிலருக்கு முகம் சிவந்து மூச்சு முட்டும். அதனால் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், நர்ஸை அவசரப்படுத்தாதீர்கள். மலச்சிக்கலுக்குத் தரும் சில பவுடர்களிலும் பெக் உண்டு. அது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, செலவு? இதே மருந்தை இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. அதில் எதை வாங்கலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலும் விசாரியுங்கள். வாங்கும்போது பெட்டியில் 'லைபோசோமல்' மட்டும் இருந்தால் போதாது. பெக் பூச்சு இல்லாத லைபோசோமும் உண்டு. 'பெகிலேட்டட்' என்றும் இருக்கிறதா பாருங்கள்.