அக்கா, மகளை அந்த ஆய்வுக்கே விடுங்கள்

வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டுவிட்டுப் போனது மனத்திலேயே நிற்கிறது: "கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகாமல் குப்பையை ஆராயப் போறேங்கிறாளே?" அவள் சொல்லும் துறைக்கு நிலைத்த மனித-கணினி ஊடாட்டம் (sustainable HCI) என்று பெயர்: கருவிகளும் செயலிகளும் சூழலைக் கெடுக்காமல் நீண்ட நாள் உழைக்கும்படி வடிவமைப்பது எப்படி என்று ஆராய்வது.

அன்று உங்கள் பழைய கைப்பேசியை அவள் என் மேசையில் வைத்துக் காட்டினாள், கவனித்தீர்களா? திரையில் ஒரு கீறல்கூட இல்லை. பேட்டரி மாற்ற பிராங்கின் மாலுக்குக் கொண்டுபோனால், பின்மூடி பசையால் ஒட்டியிருக்கிறது. சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும். மாற்றி முடித்தாலும், இயங்குதளம் பழசு என்று வங்கிச் செயலி அதில் ஓடுவதில்லை. இரண்டுமே யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவுகள்தான். அப்படிப்பட்ட முடிவுகளைக் கேள்வி கேட்பதுதான் இவள் விரும்பும் படிப்பு. புதிதாக ஒன்றை வடிவமைக்கும்போதே அது எதைக் குப்பைக்கு அனுப்பும் என்று யோசிக்கச் சொன்னார் இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஈலை பிளெவிஸ். 2007இல் வந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் துறையே வேகம் பிடித்தது.

சரி, சோறு போடுமா? இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது, அதை மறைக்கமாட்டேன். விரிவுரையாளர் வேலை, நிறுவனங்களில் பயனர் ஆய்வாளர் வேலை, இவைதான் வழி. ஆனால் காலம் இவள் பக்கம் திரும்புகிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பியச் சந்தைக்கு வரும் புதிய கைப்பேசி மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பும் 7 ஆண்டு உதிரிபாகமும் கட்டாயம். பழுதுபார்ப்பதைப் புரிந்தவர்கள் இனி தயாரிப்பாளர்களுக்கே தேவைப்படுவார்கள்.

ஒன்றில் மட்டும் அவளைத் தடுங்கள். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கச் சொல்லி நினைவூட்டும் செயலி செய்கிறேன் என்றால் வேண்டாம். ஆரம்பத்தில் அதுமாதிரி நிறைய வந்தன. பாரத்தையெல்லாம் வீட்டில் இருப்பவர் தலையில் கட்டுகிறீர்கள் என்று 2012இலேயே துறைக்குள் கடுமையான விமர்சனம் எழுந்துவிட்டது. அதைவிட, சனிக்கிழமைகளில் ஒரு ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, எந்தப் போன் ஏன் சரியாகாமல் திரும்பிப் போகிறது என்று நோட்டில் எழுதட்டும். அப்புறம் கொஞ்சம் புள்ளியியல்.

நேரே வெளிநாடு வேண்டாம். மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யுஎஸ்எம்) பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் அங்கே ஆய்வுவழி முதுகலை செய்யட்டும். மேற்பார்வையாளரிடம் ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் தர மானியம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அந்த ஒரு பதில் முக்கியம்.

திங்கட்கிழமை அவளையும் நோட்டையும் கூட்டி வாருங்கள். பேராசிரியருக்கான முதல் மின்னஞ்சலை மூவரும் சேர்ந்து எழுதுவோம்.