ஒரே பெட்டிக்குள் போட்டால் முடிந்ததா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. இன்றும் சட்டைப்பையில் ஒரு பட்டன் போன், கூடவே பழைய டிஜிட்டல் டைரி. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் டைரியைத் திறந்து நம்பரைப் பார்த்து, போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்துகிறார். இப்போது டைரியின் திரை மங்கிவிட்டது. அதைத் தூக்கிப் போடுங்கள், ஸ்மார்ட்போன் வாங்கித் தருகிறேன் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். போனையும் டைரியையும் ஒரே பெட்டிக்குள் போடுவது சின்ன வேலைதானே? 2007-இல் ஐபோன் வரும்வரை அது யாருக்கும் தோன்றாமல் போனது ஏன்? அப்பாவுக்கு இன்னும் புரியாமல் இருப்பது ஏன்?
(விருதுநகர் வாசகர்)

பதில்: யாருக்கும் தோன்றவில்லை என்று யார் சொன்னது? 1992 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த காம்டெக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கண்காட்சியிலேயே ஐ.பி.எம். இதற்கு ஒரு மாதிரியைக் காட்டிவிட்டது. 1994 ஆகஸ்டில் பெல்சவுத் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ‘சைமன்’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடுதிரை, முகவரிப் பட்டியல், நாள்காட்டி, ஃபேக்ஸ், மின்னஞ்சல் எல்லாம் போனுக்குள்ளேயே இருந்தன. நீங்கள் சொல்கிற ஒரே பெட்டி அதுதான். எடை 510 கிராம். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள், தையல் என்ன ஆகிறது என்று தெரியும். தொடர்ந்து பேசினால் பேட்டரி ஒரு மணி நேரம் வரும். இரண்டு வருட ஒப்பந்தத்தோடு விலை 899 டாலர். ஏறத்தாழ 50,000 விற்று, 1995 பிப்ரவரியில் நின்றுபோனது. பெட்டிக்குள் போடுவதோடு வேலை முடிந்துவிடும் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு இன்னும் எட்டு வருடத்துக்கு மேல் நல்ல மூளைகள் இதிலேயே உட்கார்ந்திருந்தன. எதற்காக என்பதைச் சொல்கிறேன்.

போனும் டைரியும் பழக்கவழக்கத்தில் நேர் எதிர். டைரி தூங்கிக்கொண்டே இருக்கும். திறந்தால் விழிக்கும், நம்பரைக் காட்டும், மறுபடி தூங்கிவிடும். அதனால்தான் 1996-இல் வந்த, பாம் நிறுவனத்தின் ‘பைலட்’ என்ற டிஜிட்டல் டைரி இரண்டு சின்ன டிரிபிள் ஏ பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடியது. போன் அப்படித் தூங்க முடியாது. நாம் பேசாத நேரத்திலும் டவர் கூப்பிடுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேசும்போது ரேடியோ அலையை வெளியே தள்ள வேண்டும், அங்கேதான் பேட்டரி கரைகிறது. இந்த இரண்டையும் ஒரே பேட்டரியில் கட்டினால் போன் குடித்த மிச்சம்தான் டைரிக்கு. நாள் முழுக்கப் பேசிவிட்டு, மாலையில் ஒருவருடைய முகவரி வேண்டும் என்று எடுத்தால் திரை வராது.

அப்புறம் கை. டைரிக்கு இரண்டு கை வேண்டும், ஒன்று பிடிக்க, மற்றது குச்சியால் தொட. போனை ஒரே கையில் பிடித்து, கட்டை விரலால் அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொள்கிறோம். காதில் வைத்துவிட்டால் திரை கண்ணுக்குத் தெரியாது. எதிர்முனையில் ஒருவர் “வியாழக்கிழமை வரலாமா?” என்று கேட்கும்போதுதான் நாள்காட்டி தேவைப்படுகிறது. அந்த நேரம் பார்த்து அது கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு என்ன செய்வீர்கள்?

ஆளுக்கு ஒரு வழி பிடித்தார்கள். 1996-இல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வந்தது. மூடினால் போன், டிபன் பாக்ஸ் மாதிரி திறந்தால் உள்ளே அகலத் திரையும் விசைப்பலகையும். எடை 397 கிராம். குவால்காம் 1999-இல் பாம் சாதனத்தின் மேல் எண் பலகையைக் கதவுபோல் மாட்டி ‘பிடிக்யூ’ என்று விற்றது. கதவை மூடினால் எண்ணை அழுத்தலாம், திறந்தால் டைரி. 2002-இல் வந்த பிளாக்பெர்ரி 5810-இல் போன் வசதி இருந்தது, ஆனால் காதில் வைத்துப் பேச முடியாது. ஹெட்செட் மாட்டினால்தான் பேச்சு. திறமைசாலிகள் செய்தவைதான் எல்லாம். ஆனாலும் ஒவ்வொன்றிலும் தையல் தெரிந்தது. இந்தப் பக்கம் போன், அந்தப் பக்கம் டைரி, நடுவில் ஒரு கீல். இரண்டு வீட்டுக்கு ஒரே கூரை போட்ட கதை.

இதில் நான் நெடுநேரம் பேச விரும்புகிற ஆள் ஜெஃப் ஹாக்கின்ஸ், பைலட்டை வடிவமைத்தவர். அதற்கு முன் 1993-இல் அவர் பங்கில் வந்த ‘ஸூமர்’ என்ற டைரி கனமாகவும் மந்தமாகவும் இருந்து தோற்றது. தோற்றவர் அடுத்ததை வரையும் முன் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போகிற அளவுக்கு வெட்டிக்கொண்டார். எழுதுகோலுக்கு ஒரு குச்சி. யாராவது சந்திக்க நேரம் கேட்டால் மரக்கட்டையை எடுத்து, குச்சியால் தட்டி, நாள் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு நாளில் எத்தனை முறை எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம், எத்தனை தட்டில் வேலை முடிய வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கட்டையிலிருந்து தெரிந்துகொண்டவை. சிலிக்கான் சில்லு ஒன்றுகூட அதில் கிடையாது. பைலட் சட்டைப்பைக்குள் போனது, விலை 299 டாலரில் தொடங்கியது, தாங்கியில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றாகிவிடும். எனக்கு இந்தத் துறையில் பிடித்த கதை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஹாக்கின்ஸே போனைச் சேர்க்க முயன்றபோது முதலில் ஒட்டத்தான் செய்தார். பாமை விட்டு வெளியேறி, பாமின் தலைவராக இருந்த டோனா டுபின்ஸ்கியோடு சேர்ந்து ஹேண்ட்ஸ்பிரிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1999-இல் ‘வைசர்’ என்ற டைரியை விற்றார். அதன் முதுகில் ஒரு பள்ளம். 2000-இன் கடைசியில் அந்தப் பள்ளத்தில் செருகுகிற ‘வைசர்போன்’ வந்தது. அதற்குத் தனி பேட்டரி. கையில் இருப்பது ஒரு சாதனம், ஆனால் இரண்டு பேட்டரியின் கவலையும் உங்களுக்கு. இதிலிருந்து, அதே ஹேண்ட்ஸ்பிரிங் உருவாக்கி 2003-இல் வந்த ‘ட்ரியோ 600’ போன் வரை மூன்று வருடம். உங்கள் ‘சின்ன வேலை’ நடந்தது அந்த மூன்று வருடத்தில்தான்.

ட்ரியோ 600-ஐ நான் 2004-இல் ஒரு நண்பர் கையில் பார்த்தேன். சென்னை மாநகரப் பேருந்து, நெரிசல். ஒரு கை மேல் கம்பியில். மறு கையில் அதை எடுத்தார். குச்சியைத் தொடவே இல்லை. சின்ன விசைப்பலகையில் கட்டை விரலால் பெயரின் எழுத்தைத் தட்டினார், பட்டியல் சுருங்கியது. இன்னொரு எழுத்து, இரண்டே பெயர். நடு பட்டனை அழுத்தினார், மணி அடித்தது. இவ்வளவுதான். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று கவனியுங்கள். நம்பர் என்ற ஒன்று அவர் கண்ணில் படவே இல்லை. டைரியில் பார்த்துப் போனில் அழுத்துவது என்று உங்கள் அப்பா செய்கிற இரண்டு வேலையும் ஒரே வேலையாகிவிட்டது. டைரியின் பெயர்ப் பட்டியலே போனாகிவிட்டது. கீலும் இல்லை, கதவும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒட்டுவதற்கும் இணைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என்னிடம் யார் கேட்டாலும் அந்தப் பேருந்தைத்தான் சொல்வேன்.

ஐபோனுக்கு வருகிறேன். 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் மூன்று பொருளை ஒன்றாக்கியிருக்கிறோம் என்றார். பாட்டுக்கு ஐபாட், பேசுவதற்குப் போன், இணையத்துக்கு ஒரு சாதனம். அந்த மூன்றில் டைரி இல்லை, கவனித்தீர்களா? அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. போன் என்றாலே பெயர்ப் பட்டியலும் நாள்காட்டியும் உள்ளே இருக்கும் என்று ஆகியிருந்தது. அதை அப்படி ஆக்கியவர்களில் ட்ரியோவும் ஒன்று. அன்று ஜாப்ஸ் இது சரியில்லை என்று காட்டிய நான்கு போன்களில் ஒன்றாக அதே ட்ரியோ திரையில் நின்றது. குச்சியையும் விசைப்பலகையையும் ஒழித்து விரலைக் கொண்டுவந்தது ஐபோனின் பெரிய சாதனைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அதற்குக் கொடுக்கிற இந்தப் பெருமை அதனுடையது அல்ல. ஹேண்ட்ஸ்பிரிங்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பாம் 2010-இல் எச்.பி. நிறுவனத்திடம் போய், அடுத்த வருடமே அதன் சாதனங்கள் நின்றுபோயின என்பதால் அவர்கள் செய்த வேலை இல்லாமல் ஆகிவிடாது.

சரி, அப்பா விஷயம். அவருக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்களுக்குத்தான் புரியவில்லை என்று படுகிறது. இணைத்ததில் நாம் எல்லாரும் ஒன்றை விட்டுக்கொடுத்தோம், அவர் கொடுக்கவில்லை. அவருடைய போன் தொலைந்தால் நம்பர்கள் இருக்கும். டைரி தொலைந்தால் போன் இருக்கும். போனில் சார்ஜ் தீர்ந்தால் டைரியைப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரர் போனில் உங்களைக் கூப்பிடுவார். உங்கள் ஸ்மார்ட்போன் இரவு பத்து மணிக்கு ரயில் நிலையத்தில் அணைந்துபோனால் உங்கள் அப்பாவின் நம்பராவது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா? எனக்கு வீட்டில் ஒருவருடைய நம்பர்தான் தெரியும். உங்கள் அப்பாவுக்கு, ஒவ்வொரு எண்ணாக அழுத்தி அழுத்தியே, பத்துப் பதினைந்து நம்பர் விரலிலேயே இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஸ்மார்ட்போன் வாங்கித் தாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேரப் பிள்ளைகளின் முகம் பார்க்கலாம். ஆனால் டைரியைத் தூக்கிப் போட்டு அந்த இடத்தில் அதை வைக்காதீர்கள். திரை மங்கினால் டைரி செத்துவிட்டதாக அர்த்தம் இல்லை, பெரும்பாலும் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் இதில் சூடுபட்டவன். என்னிடமும் ஒரு டிஜிட்டல் டைரி இருந்தது. அந்தக் காலத்து டைரிகள் பலவற்றில் காசு வடிவத்தில் இரண்டு பேட்டரி இருக்கும், ஒன்று ஓட்டுவதற்கு, மற்றது நினைவைக் காப்பதற்கு. எழுதியது எல்லாம் மின்சாரம் இருக்கும்வரைதான் உள்ளே நிற்கும். நான் ஒரு வாட்ச் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனதோடு இரண்டையும் ஒன்றாகக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டார். திரை பளிச்சென்று வந்தது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை. ஆறு வருடமாகச் சேர்த்த நம்பர்கள். அதில் இருவர் இறந்துபோனவர்கள். கூப்பிட முடியாது என்று தெரிந்தும் அழிக்காமல் வைத்திருந்த பெயர்கள் அவை.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்காருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். திரையில் கொஞ்சமாவது தெரிகிற இப்போதே, அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். சில பெயருக்கு அவர் நின்று ஏதாவது சொல்வார், அவசரப்படுத்தாதீர்கள். எழுதி முடித்த பிறகு பின்மூடியைத் திறந்து, உள்ளே இரண்டு பேட்டரி இருந்தால் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றுங்கள். திரையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் இரண்டாவதைக் கழற்றுங்கள். ஒரே பேட்டரிதான் என்றாலும் கவலை இல்லை, நோட்டு இருக்கிறது. புது ஸ்மார்ட்போனில் ஏற்ற வேண்டிய பெயர்களையும் அந்த நோட்டைப் பார்த்தே ஏற்றிக்கொள்ளலாம்.