நண்டு வலையும் மாறிப்போன விருப்பு வாக்கும்

யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"ஐயா, போன பாராளுமன்றத் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னம் எங்கட ஒழுங்கைக்கு வந்த ஆள் ஒருத்தர் வீட்டுக்கு ரண்டு நண்டு வலை தந்தவர். அந்தோனியார் படத்தில கை வைச்சு, தன்ர கட்சிக்குத்தான் போடுவன் எண்டு சொல்லச் சொன்னார். நானும் சொல்லிப்போட்டன். கோயில் ஆக்கள், 'எங்கட வேதக்காரப் பெடியன் வேற கட்சியில நாலாம் இலக்கத்தில நிக்கிறான், அவனை விட்டா எங்களுக்காகக் கதைக்க ஒருத்தரும் இல்லை' எண்டினம். மூத்த மகன் 'அரசியல் சாக்கடை, விசுவாசிக்கு அங்க என்ன வேலை' எண்டு வீட்டிலயே இருந்திட்டான். நான் போய் சத்தியத்துக்காக வலை தந்த கட்சிக்குப் புள்ளடி போட்டு, கீழ எங்கட பெடியனுக்காக நாலாம் இலக்கத்துக்கும் போட்டன். இப்ப மனம் உறுத்துது. சத்தியம் செய்தால் அதுக்குக் கட்டுப்படத்தானே வேணும்? வேதக்காரர் வேதக்காரருக்குத்தான் போட வேணுமோ?"

தங்கச்சி, நீங்கள் கவலைப்பட்ட இடம் ஒன்று, நான் திடுக்கிட்ட இடம் வேறொன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்ட விருப்பு வாக்கு உங்கள் பெடியனுக்குப் போகவில்லை.

வாக்குச்சீட்டின் மேற்பகுதியில் கட்சிகளின் பெயரும் சின்னமும் இருக்கும். கீழே கட்டங்களில் வெறும் இலக்கங்கள் மட்டும். அந்த இலக்கங்களுக்குச் சொந்தமாகக் கட்சி எதுவும் கிடையாது. மேலே எந்தக் கட்சிக்குப் புள்ளடி போட்டீர்களோ அந்தக் கட்சியின் பட்டியலில் அந்த இலக்கத்தில் இருப்பவருக்குத்தான் விருப்பு வாக்கு சேரும். ஆகவே வலை தந்த கட்சிக்கு ஒரு வாக்கு, அதே கட்சியின் நாலாம் இலக்கக்காரருக்கு ஒரு விருப்பு. அவர் யாரென்றே உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவரும் ஒருவேளை நல்லவராக இருக்கலாம், அது அதிர்ஷ்டம்.

பிரதேச செயலகத்தில் வேலை பார்த்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்கெண்ணும் மேசையில் இருந்திருக்கிறேன். யாழ். மத்திய கல்லூரி வகுப்பறையில் விடியப்புறம் மூன்று மணிக்கு, கண் எரிய எரிய, நிராகரித்த சீட்டுகளைக் கட்டும்போது ஒருமுறை ஒன்று கையில் வந்தது. புள்ளடி எதுவும் இல்லை. சின்னங்களுக்குக் குறுக்கே நீலப் பேனையால், அழகான கையெழுத்தில், "இயேசுவே எங்கள் அரசர்" என்று எழுதியிருந்தது. எழுதியவருடைய விசுவாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சீட்டு 'செல்லுபடியற்றவை' கட்டுக்குள்தான் போனது. பக்தி இருந்த அளவுக்கு அந்தத் தாளைப் பற்றிய அறிவு இருந்திருந்தால் என்று அன்றைக்கு நினைத்தேன். விவேகத்தோடு வாக்களிப்பது என்று பிரசங்கத்தில் சொல்லுவார்கள். அந்த விவேகத்தில் பாதி இந்தச் சீட்டு எப்படி வேலை செய்கிறது என்று அறிந்துகொள்வதுதான் என்பது என் எண்ணம்.

இனிச் சத்தியத்தைப் பார்ப்போம்.

வேதாகமத்தில் வரும் ஏரோது ராசா விருந்து மண்டபத்தில், எல்லாரும் பார்த்திருக்க, கேட்டதைத் தருவேன் என்று ஒரு சிறுமிக்கு ஆணையிட்டுச் சொன்னான். அவள் கேட்டது ஸ்நானக யோவானின் தலை. மாற்கு 6 ஆம் அதிகாரம் சொல்கிறது, அவன் மனம் வருந்தினான், ஆனாலும் ஆணையினிமித்தம் கொடுத்துவிட்டான் என்று. சொன்ன சொல் காத்தவன் என்று அவனை எந்தத் திருச்சபையும் புகழ்ந்ததில்லை. கொடுக்கவே கூடாத சொல்லைக் கொடுத்தது ஒரு பிழை. அதைக் காப்பாற்றியது அதைவிடப் பெரிய பிழை. உங்கள் வாக்கு விற்பதற்குரிய பொருளல்ல. விற்கமுடியாத ஒன்றை விற்பதாகச் செய்த சத்தியம் உங்களைக் கட்டாது. படத்தில் கை வைத்ததால் அந்தோனியாரும் அந்த வியாபாரத்தில் பங்காளி ஆகிவிடமாட்டார். மனம் ஆறவில்லையென்றால் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லுங்கள், நான் சொன்னதைத்தான் அவரும் சொல்லுவார் என்று நம்புகிறேன்.

சட்டமும் இதில் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின்படி வாக்குக்காகக் கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கிய வாக்காளரும் இலஞ்சக் குற்றத்துக்கு ஆளாவார். பயமுறுத்த எழுதவில்லை, அடுத்த முறை ஒழுங்கைக்கு யாராவது வந்தால் மறுப்பதற்கு உங்களிடம் ஒரு நியாயம் இருக்கட்டும் என்றுதான். "பரிதானம் ஞானிகளின் கண்களைக் குருடாக்கும்" என்று உபாகமம் சொல்கிறது. அது நீதிபதிகளுக்குச் சொன்னது. தேர்தல் நாளில் புள்ளடிப் பேனையோடு நிற்கிற நேரத்தில் நீங்களும் நீதிபதிதான், அதுவும் மேன்முறையீடு இல்லாத நீதிபதி.

வேதக்காரர் வேதக்காரருக்கா? இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தூதர் பணிகள் 6 ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். (நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், என் பழைய வேதாகமத்தில் அது 'அப்போஸ்தலருடைய நடபடிகள்'.) எருசலேம் சபையில் நாளாந்தம் சாப்பாடு பங்கிடுகிறபோது கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் கைவிடப்படுகிறார்கள் என்று முறைப்பாடு வந்தது. அப்போஸ்தலர் சபையைக் கூட்டி, ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிவானவர்களின் பெயர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். சபையில் எபிரெயர் கூட்டம்தான் பெரிது. அவர்கள் நினைத்திருந்தால் தங்கள் ஆட்கள் ஏழு பேரையும் போட்டிருக்கலாம். யாருக்கு அநியாயம் நடந்ததோ அந்தப் பக்கத்தாரையே தெரிந்தார்கள். எனக்குத் தெரிந்து வேதாகமத்தில் சனங்கள் தாங்களாகக் கூடிச் செய்த மிக நல்ல தேர்தல் அதுதான். அங்கே பார்த்த தகுதிகள் மூன்று: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். 'நற்சாட்சி' என்பது அயலவன் சொல்லவேண்டியது, வேட்பாளரின் துண்டுப்பிரசுரம் சொல்லுவதல்ல.

எங்கள் மண்ணிலும் இதற்குப் பாடம் இருக்கிறது. எஸ். ஜே. வி. செல்வநாயகம் கிறிஸ்தவர். அவர் நின்ற காங்கேசன்துறைத் தொகுதியோ மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலையும் உள்ள தொகுதி. 1947 இல் வென்றார், 1952 இல் தோற்றார், 1956 முதல் 1970 வரை நடந்த பொதுத்தேர்தல் எல்லாவற்றிலும் வென்றார், 1975 இடைத்தேர்தலிலும் வென்றார். அவரை வெல்லவைத்தவர்கள் பெரும்பாலும் சைவர்கள். 'எங்கட சமயக்காரனுக்குத்தான்' என்று அவர்கள் கணக்குப் பார்த்திருந்தால் அவர் ஒருதரம்கூட உள்ளே போயிருக்க முடியாது. அந்தத் தாராளத்தை அனுபவித்த சமூகம் நாங்கள். திருப்பிக் கொடுக்கிற முறை வரும்போது மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறோம். சான்றிதழோடு நிற்கிறதும் இல்லை. ஊர் பார்த்து, குடும்பம் பார்த்து, அதற்கும் கீழே இன்னொன்றையும் பார்த்துத்தான் 'எங்கட பெடியன்' என்ற சொல் வருகிறது. அந்த இன்னொன்றை நான் எழுதத் தேவையில்லை.

அந்தப் பெடியன் உண்மையிலேயே நேர்மையானவர் என்றால்? தாராளமாகப் போடுங்கள், ஆனால் அவர் எந்தப் பட்டியலில் நிற்கிறார் என்று பார்த்துப் போடுங்கள். யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு, அதாவது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்ததற்கு, 2024 இல் இருந்தது 6 ஆசனம். அதில் ஒன்று கூடிய வாக்கெடுத்த கட்சிக்கு மேலதிகமாகப் போய்விடும். 5 சதவீதம் எடுக்காத பட்டியல்கள் கணக்கிலேயே வராது. மிச்சம் 5 ஆசனத்தைத்தான், முதலாவதாக வந்த கட்சியும் சேர, தகுதிபெற்ற பட்டியல்கள் எல்லாம் வாக்கு விகிதப்படி பங்கிடும். அந்த முறை ஒரு பட்டியலுக்கு மூன்று ஆசனமும் வேறு மூன்று பட்டியல்களுக்கு ஒவ்வொன்றும் கிடைத்தன. ஒன்று மட்டும் கிடைத்த இடத்தில் விருப்பு வாக்கில் முதலாவதாக வந்தவர்தான் உள்ளே போனார். அந்தப் பட்டியலில் இரண்டாவதாக வந்த நல்ல மனிதருக்காக நீங்கள் போட்ட கட்சி வாக்கு முதலாமவரைத்தான் தூக்கிவிட்டது. ஆகவே நல்ல ஆள் என்பதோடு நிறுத்தாமல், அந்த ஆளுக்கு முன்னால் போகக்கூடியவர் யார் என்றும் கேளுங்கள். அவர் போனால் பரவாயில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் அந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடுங்கள்.

விருப்பு வாக்கு அதிகபட்சம் மூன்று. நான்கு போட்டால் விருப்பு எல்லாம் பழுதாகும், கட்சி வாக்கு நிற்கும். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் பழுது. ஜனாதிபதித் தேர்தல் வேறு கதை. அங்கே 1, 2, 3 என்று விருப்பை இலக்கமாக எழுதலாம், 2024 இல்தான் முதல் தடவையாக இரண்டாம் விருப்பையும் எண்ணவேண்டி வந்தது. உள்ளூராட்சியில் ஒரே ஒரு புள்ளடிதான், குழப்பமில்லை.

யாருக்குப் போடுவது என்று என்னைக் கேட்கவேண்டாம். எதைக் கேட்டுப் போடுவது என்று மட்டும் சொல்கிறேன். உங்களுடையது மீன்பிடிக் குடும்பம். வாசலுக்கு வருகிறவரிடம் இந்திய இழுவைமடிப் படகுகளைப் பற்றிக் கேட்பீர்கள், அவரும் உரத்த குரலில் மறுமொழி சொல்லுவார். அடுத்ததாக, இழுவைமடியைத் தடைசெய்த 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தை எங்கள் கரையில் உள்ள இழுவைமடிப் படகுகளுக்கும் நடைமுறைப்படுத்துவாரா என்று கேளுங்கள். அந்த இடத்தில் குரல் இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு ஒரு சதமும் பிரயோசனமில்லாத ஒரு கேள்வி கேளுங்கள்: வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் உள்ள தன் காணிக்குள் இன்னும் கால்வைக்க முடியாத ஒரு குடும்பத்துக்கு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு தெருவில் இருக்கிற ஒரு தாய்க்கு, இந்த ஆள் என்ன செய்தார்? மோசேக்கு மாமன் எத்திரோ சொன்ன அளவுகோல் இன்றைக்கும் பழுதில்லை: தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள். மூன்றாவதை அளப்பதற்குத்தான் நண்டு வலை உதவும். வலை கொடுக்கிறவருக்கு அந்தக் காசு எங்கிருந்து வந்தது? 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவுச் சட்டப்படி முடிவு வந்து 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும். உங்கள் வலை அந்தக் கணக்கில் ஏறியிருக்குமா?

கோயில் ஆட்களைப் பற்றி ஒரு சொல். ஃபாதர் பிரசங்கத்தில் நீதி, நேர்மை, ஏழைகள் என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கத்தோலிக்கக் குருமார் கட்சி அரசியலில் முனைந்து இறங்குவதைத் திருச்சபைச் சட்டத்தின் 287 ஆவது பிரிவே, மிக அரிதான விதிவிலக்கோடு, தடுக்கிறது. இன்னாருக்குப் போடாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால், அது ஃபாதராக இருந்தாலென்ன, பாஸ்டராக இருந்தாலென்ன, குற்றம். ஆன்மீகத் தீங்கு வரும் என்று மிரட்டி வாக்கைத் திருப்புவதையும் மேலே சொன்ன 1981 ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது.

மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வரி கட்டுவதையும் வாக்களிப்பதையும் அவனுடைய திருச்சபையின் மறைக்கல்வி நூலே, 2240 ஆம் எண்ணில், ஒரே மூச்சில் கடமையாகச் சொல்கிறது. சாக்கடை என்று விலகியவர்களின் கதை நீதித் தலைவர்கள் 9 ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒலிவமரம் தன் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்றது, அத்திமரம் தன் இனிமையை விட்டு வரமாட்டேன் என்றது, திராட்சைக்கொடியும் மறுத்தது. கடைசியில் ராசாவானது முட்செடி. பகிஷ்கரிப்பு எங்களுக்குப் புதிதில்லை. சர்வசன வாக்குரிமை வந்த 1931 இலேயே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் கேட்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது; அதை நடத்தியவர்களில் ஹண்டி பேரின்பநாயகம் போன்ற நேர்மையான மனிதர்கள் இருந்தார்கள். குடாநாட்டு ஆசனங்கள் நான்கும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன, சட்டசபை கொழும்பில் நடந்துகொண்டுதான் இருந்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தது 1.2 சதவீதம். விரும்பி இருந்தவர்களும் உண்டு, பயந்து இருந்தவர்களும் உண்டு. நாடு முழுவதிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. கொள்கையோடு விலகி நிற்பவனை நான் மதிக்கிறேன். மகன் அன்றைக்கு வீட்டில் இருந்து என்ன செய்தான் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் பார்த்திருந்தால் அது கொள்கையல்ல.

வலையை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தந்தவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனால் வீண் வம்பு வரும். கடலில் இறங்கின வலையைத் திருப்பிக் கொடுப்பதும் மரியாதையில்லை. இரண்டு வலையின் விலையை விசாரித்து, அந்தக் காசைத் தொழிலுக்குப் போக ஆளில்லாத ஒரு விதவை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், யார் கொடுத்தது என்று தெரியாமல். கடிதத்தின் ஓரத்தில், இளையவளுக்கு இந்த வருடம் பதினெட்டு என்று எழுதியிருந்தீர்கள். அவளுடைய பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியிருக்கிறதா என்று விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.