குரலஞ்சலில் ஒப்புக்கொண்ட கடன்: கைபேசியைக் கடையில் கொடுக்கலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன, புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு 35 இலட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். எழுத்து ஒன்றும் இல்லை. திருப்பித் தரும் திகதியும் பேசவில்லை. நான் ரொறொன்ரோவில் மகளுடன் இருந்தபோது அவர் என் ஐபோனுக்கு மூன்று வொய்ஸ் மெயில் விட்டார். ஒன்றில், "மாஸ்டர், முப்பத்தைந்தும் என்ர தலையிலதான் இருக்கு, சித்திரை வருசத்துக்குப் பிறகு தந்து முடிக்கிறன்" என்றார். அதைப் பேரன் தவறுதலாக அழித்துவிட்டான். மற்ற இரண்டும் இருக்கின்றன. கனடா இணைப்பைத் துண்டித்துவிட்டோம், சிம் இன்னும் போனுக்குள்தான் இருக்கிறது. இப்போது அவர் பணமே வாங்கவில்லை என்கிறார். பம்பலப்பிட்டியில் ஒரு கைபேசிக் கடையில் 25,000 ரூபாயும் ஒரு இரவும் கொடுத்தால் அழிந்ததை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் ஐயா. கடைக்காரர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு இரவுக்குப் பிறகு உங்கள் கைபேசியை நீதிமன்றம் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இலங்கையின் 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஒலிப்பதிவைச் சான்றாக ஏற்கிறது. ஆனால் பதிவில் யாரும் கைவைக்கவில்லை, அல்லது அது எப்போதும் பாதுகாப்பான காவலில் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது, "அந்த இரவு போன் யாரிடம் இருந்தது, என்ன செய்தார்கள்?" என்பதுதான். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

அழிந்தது திரும்பி வருமா என்பது அடுத்த விடயம். நீங்கள் கேட்ட வொய்ஸ் மெயில் முதலில் கனடா நிறுவனத்தின் சேவரில் இருந்தது. ஐபோன் அதன் பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளும். இணைப்பைத் துண்டித்தபின் அந்த நிறுவனத்திடம் உங்கள் அஞ்சல்பெட்டி இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். போனுக்குள் இரண்டு விடயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. குரல் ஒரு சிறு ஒலிக்கோப்பு. யார் அழைத்தார், எப்போது, எத்தனை விநாடி, எப்போது அழிக்கப்பட்டது என்பவை ஒரு தரவுத்தளத்தில் பதிவாகும். 'அழிக்கப்பட்ட செய்திகள்' என்ற பகுதியில் இன்னும் கிடந்தால் கவலையே இல்லை. அங்கிருந்தும் துடைக்கப்பட்டிருந்தால், ஐபோனில் ஒவ்வொரு கோப்பும் தனிச் சாவியால் பூட்டப்படுவதால் கோப்போடு சாவியும் போய்விடும். குரலை மீட்பது பெரும்பாலும் முடியாது. "எதையும் மீட்டுத் தருவேன்" என்று சொல்பவரை நம்பாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஆனால் தரவுத்தளத்தில் அந்தச் செய்தி பற்றிய பதிவு சில வேளை மிஞ்சும். அவருடைய எண்ணிலிருந்து இன்ன நாளில் இத்தனை விநாடிச் செய்தி வந்தது என்பது, மற்ற இரண்டு செய்திகளோடு சேரும்போது கனமான சான்று.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கலாம். பேரன் அழிப்பதற்கு முன் இந்தப் போனை மகளின் கணினியில் எப்போதாவது பேக்கப் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அதில் அந்தக் குரலே முழுசாக இருக்கக்கூடும். அதே கணினியில் இதே போனைத் திரும்பச் செருகிப் பேக்கப் எடுத்தால் பழையது மேலெழுதப்பட்டுவிடும். ஆகவே அந்தக் கோப்புறையை அப்படியே வேறொரு டிஸ்கில் பிரதியெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பேக்கப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் தேடி எடுக்கட்டும்.

போனை இப்போது விமானப் பயன்முறையில் வையுங்கள். உள்ளூர் சிம் போடாதீர்கள், சிம் மாறும்போது பழைய வொய்ஸ் மெயில் பட்டியல் மறைந்துபோவதுண்டு. மென்பொருள் புதுப்பிப்பும் வேண்டாம். திறக்கும் இலக்கத்தை எழுதி வையுங்கள். இருக்கும் இரண்டையும் இன்னொரு போனில் ஒலிக்கவிட்டுப் பதிவு செய்து வைக்கலாம், ஆனால் அது உங்கள் மன ஆறுதலுக்குத்தான், மூலத்துக்கு ஈடாகாது.

ஆய்வுக்கு, டிஜிட்டல் தடயவியல் தெரிந்த ஒரு தனியார் நிபுணரை உங்கள் சட்டத்தரணி மூலமாக அமர்த்துங்கள். இது கடன் தகராறு, குடியியல் வழக்கு. பொலிஸ் ஆய்வுகூடம் இதற்கு வராது. நிபுணரிடம் நான் கேட்கச் சொல்வது: போனைப் பெற்றதற்குத் திகதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து தருவாரா, எடுத்த பிரதிக்கு ஹாஷ் எண் (பிரதி பிறகு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) குறிப்பாரா, புதுக்கடை நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்வாரா. மூன்றாவதற்குத் தயங்குபவர் வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத, எனக்கு அதிகம் கவலை தரும் விடயம். எழுத்தில்லாத கைமாற்றுக்கு வழக்குப் போட 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் தருவது 3 வருடம் மட்டும். தவணை பேசாத கடன் என்பதால், பணம் கொடுத்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எட்டு மாதம் இருக்கிறது. "தந்து முடிக்கிறன்" என்று வாயால் சொன்னது அந்தக் கணக்கைத் திரும்ப ஆரம்பிக்காது. அதற்கு அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், அல்லது கடனில் ஒரு பகுதியையாவது அவர் செலுத்தியிருக்க வேண்டும். குரலஞ்சல் கடன் இருந்ததற்குச் சான்று, காலத்தை நீட்டாது. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல சான்றைக் கையில் வைத்துக்கொண்டே வழக்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வரக்கூடாது. மீட்பு வேலை முடியட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே அவருக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, அடுத்து கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

ஒலிப்பதிவைக் கொண்டுவருவதாக இருந்தால், 1995 சட்டப்படி விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்து, பட்டியலும் பிரதியும் நீதிமன்றத்தில் கோவைப்படுத்த வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் கீழும் இதைக் கொண்டுவரலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனாலும் 1995 சட்டத்தின் கடுமையான வழியையே பின்பற்றி அறிவித்தலைக் கொடுத்துவிடுவது என் வழக்கம். பிறகு அதை வைத்து ஆட்சேபிக்க யாருக்கும் இடமிருக்காது. செய்தி தமிழில் இருப்பதால், பேசியதை அப்படியே எழுதி, சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு சிங்களத்தில் ஆக்கிச் சேர்க்க வேண்டும். குரல் அவருடையதுதான் என்று நீங்களும், அவரை நன்கு அறிந்த இன்னொருவரும் சாட்சி சொல்லலாம்.

சரி, அந்த 35 இலட்சத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? வங்கியிலிருந்து என்றால் அந்த நாளைய கணக்குக் கூற்றையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். மகளுக்கு இன்றிரவு எட்டு மணிக்கு அழைத்தால் ரொறொன்ரோவில் காலைதான். பேக்கப் விடயத்தை முதலில் சொல்லுங்கள்.